போகியில் எடுத்த தீர்மானம் பங்குனி வரை நிற்க: புதுக்குடித்தனக்காரர்களுக்கு

மார்கழி கடைசி வாரத்தில் எங்கள் சத்துவாச்சாரித் தெருவில் நடந்து பாருங்கள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பரணிலிருந்து இறங்கிய சாமான் கிடக்கும். மாடிக் கைப்பிடிச் சுவரில் பாயும் போர்வையும் காயும், ஒரே ஒட்டடைக் குச்சி நாலு வீடு சுற்றி வரும், வெள்ளையடிக்க முடிந்தவர்கள் அடிப்பார்கள், முடியாதவர்கள் சுவரையாவது தட்டி விடுவார்கள். போகியன்று காலையில் வீடு கண்ணாடி மாதிரி இருக்கும். இனிமேல் இப்படியேதான் வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று அன்றைக்கு நாம் எல்லோருமே மனசுக்குள் சொல்லிக்கொள்கிறோம். மாசி பிறக்கும்போது நாற்காலி மேல் துணி ஏறியிருக்கும், சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரத்தில் பில்லும் மருந்துச் சீட்டும் குவிந்திருக்கும், கத்தரிக்கோல் எங்கே என்று யாராவது கத்திக்கொண்டிருப்பார்கள்.

கல்யாணமாகி முதல் தடவை தனிக்குடித்தனம் வந்தவர்களுக்கும், வேலைக்கோ படிப்புக்கோ வந்து காட்பாடிப் பக்கம் வீடு எடுத்திருக்கிறவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். பதினாறு வருஷமாக வேலூரில் வாடகை வீடுகளில் குடும்பம் நடத்துகிறேன், நாலு வீடு மாறியாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் எனக்குப் புரிந்தது இதுதான்: ஒரு தீர்மானம் நிற்குமா விழுமா என்பது அதை எப்படிச் சொல்கிறோம் என்பதிலேயே இருக்கிறது. எந்தப் பொருள், எந்த இடம், எந்த வேளை, இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். "வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பேன்" என்பதில் மூன்றுமே கிடையாது.

ஒரு வாரம் சும்மா பாருங்கள்

எடுத்த எடுப்பில் கடைக்குப் போய் டப்பாவும் அடுக்கும் கூடையும் வாங்காதீர்கள். லாங் பஜாரில் எல்லாம் கண்ணைப் பறிக்கிற மாதிரி தொங்கும், வாங்கி வந்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தனியாக ஒரு கவலை வந்து சேரும். அதற்குப் பதில் ஒரு வாரம் எதையும் மாற்றாமல், ஒரு பழைய நோட்டில் ஒன்று மட்டும் எழுதுங்கள்: எந்தப் பொருள் தினமும் எங்கே வந்து விழுகிறது. சாவி, ஹெல்மெட், பள்ளிக்கூடப் பை, சார்ஜர், டிபன் கூடை, காய்ந்து எடுத்த துணி, காய்கறி வாங்கி வந்த பை. ஒரு வாரத்தில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். வீடு கலைந்து கிடப்பதாகத் தெரிவது பெரும்பாலும் இந்தப் பத்துப் பன்னிரண்டு பொருள்களால்தான்.

அப்புறம், பொருள் விழுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அதற்கு இடம் கட்டுங்கள். என் கணவர் வேலை முடிந்து வந்ததும் ஹெல்மெட்டை ஃபிரிட்ஜ் மேல் வைப்பார், வண்டிச் சாவி டிவி பக்கத்தில் கிடக்கும், மறுநாள் காலையில் இரண்டையும் வீடு முழுக்கத் தேடுவோம். உள் அறை அலமாரியில் வையுங்கள் என்று நான் ஐந்து வருஷம் சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. கடைசியில் வாசல் கதவுக்குப் பின்னால், அவர் செருப்பைக் கழற்றும்போது கை தானாகப் போகிற உயரத்தில், இரண்டு கொக்கி போட்டேன். முதல் நாளே ஹெல்மெட் அங்கே தொங்கியது. யாரும் யாரையும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆணி அடிக்க வீட்டு ஓனர் சம்மதிக்காவிட்டால் ஒட்டுகிற கொக்கி கிடைக்கிறது, ஆனால் சுண்ணாம்பு அடித்த சுவரில் அது நிற்காது, கதவு மரத்திலோ டைல்ஸிலோ ஒட்டுங்கள்.

கொசப்பேட்டையில் எங்கள் ஆயா இருந்த ஓட்டு வீட்டில் அடுப்புக்கு மேலே சுவரிலேயே ஒரு மாடம் இருந்தது. அதில் தீப்பெட்டி, சிம்னி விளக்கு, ஒரு கத்தி, வேறு எதுவும் இருக்காது. கரண்டு போனால் ஆயா இருட்டில் எழுந்து போய் ஒரே தடவையில் தீப்பெட்டியை எடுத்துவிடுவார், கை தடவித் தேடி நான் பார்த்ததே இல்லை. "எடுத்த எடத்துல வைடி, எடம் அதும் பேர்ல இருக்குது" என்பார். அந்த இடம் அந்தப் பொருளின் பெயரில் பட்டா போட்டுக் கொடுத்தது மாதிரி, வேறு எதுவும் அங்கே குடியேறக் கூடாது. இன்றைக்கும் நான் இடம் குறிக்கும்போது அந்த மாடத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றே தீர்மானம், ஒரே தாளில்

இப்போது எழுதலாம். மூன்றுக்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு புதிய வேலையை முடிச்சுப் போடுங்கள். நான் முதல் வருஷம் எழுதியது இது:

ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த கையோடு அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டுத்தான் சமையலறை விளக்கை அணைப்பேன்.

கொடியிலிருந்து எடுத்த துணியைக் கட்டில் மேல் போட மாட்டேன், நின்றபடியே மடித்து பீரோவில் வைப்பேன்.

காய்கறிப் பையைக் காலி செய்ததும் உதறி, மடித்து, மறுபடி வண்டிப் பெட்டியில் போட்டுவிடுவேன்.

படிக்கும்போது ரொம்பச் சின்னதாகத்தான் தோன்றும், அப்படியே இருக்கட்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் பேராசிரியர் இதைத்தான் 1990களில் ஆராய்ந்து எழுதினார்: எப்போது, எங்கே, எப்படிச் செய்வேன் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்கிறவர்கள், செய்ய வேண்டும் என்று ஆசைப்படுவதோடு நிறுத்திக்கொள்கிறவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள். பாத்திரத்தைக் கவிழ்க்கிற சத்தமே அடுத்த வேலையை ஞாபகப்படுத்திவிடும், நாம் தனியாக நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தாளை சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வெளியே ஒட்டினால் வருகிறவர்கள் எல்லாரும் படித்துக் கேள்வி கேட்பார்கள், பாதிப் பேருக்கு அந்தக் கூச்சத்திலேயே விட்டுப்போகும்.

கழிக்க வேண்டியது

இடம் இல்லாத வீட்டில் ஒழுங்கு வராது, அதனால் இடம் குறிப்பதற்கு முன்னால் கழிக்க வேண்டும். ஒரே நாளில் வீடு முழுவதையும் இறக்கிப் போடாதீர்கள், புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் விழுகிற குழி அது. மதியம் மூன்று மணிக்கு வீடு நடுவில் சாமான் மலை, குழந்தைக்குப் பசி, பாதியில் விட்டு எல்லாவற்றையும் அள்ளி மறுபடி பரணில் போட்டுவிடுவோம். ஒரு நாளைக்கு ஒரு தட்டு, அல்லது ஒரு இழுப்பறை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து வீடுகளில் முதலில் கை வைக்க வேண்டியது கட்டைப்பைகளில். துணிக்கடைப் பை, கல்யாணத் தாம்பூலப் பை, நகைக்கடைப் பை என்று கதவுக்குப் பின்னால் ஒரு பைக்குள் இன்னொரு பையாக நாற்பது ஐம்பது தொங்கும். நல்லதாகப் பத்து எடுத்துக்கொள்ளுங்கள், மீதியைப் பூக்காரம்மாவுக்கோ காய்கறிக் கடைக்காரருக்கோ கொடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது, 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது, அதனால் துணிப்பைக்கு எங்கேயும் வேலை இருக்கிறது.

அடுத்தது மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, பிரியாணி வாங்கி வந்த பிளாஸ்டிக் கிண்ணங்கள். எல்லாவற்றையும் தரையில் பரப்பி ஜோடி சேருங்கள், ஜோடி இல்லாதது வெளியே போகட்டும். இதில் யோசிக்க எதுவும் இல்லை, பத்து நிமிஷ வேலை.

சீர்வரிசைப் பாத்திரம் கொஞ்சம் கஷ்டமான விஷயம். அம்மா வீட்டில் கொடுத்த அண்டா, தவலை, பித்தளைக் குத்துவிளக்கு, அப்புறம் கல்யாணத்துக்கு வந்த ஒரே மாதிரி எவர்சில்வர் குடங்கள். இவற்றைப் போடச் சொல்ல எனக்கு மனசு வராது, உங்களுக்கும் வர வேண்டியதில்லை. ஆனால் எது பரணில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி மூட்டையின் வெளியே கட்டுங்கள். அதைச் செய்யாததால்தான், வீட்டிலேயே பெரிய அண்டா இருக்கும்போது விசேஷத்துக்கு வாடகைக்கு எடுத்து வருகிறோம்.

போகித் தீயில் பழைய பிளாஸ்டிக், டயர், சின்தடிக் துணி, ரப்பர் செருப்பு எதையும் போடாதீர்கள். அந்தப் புகை அந்தத் தெருக் குழந்தைகளின் நெஞ்சுக்குத்தான் போகும், மார்கழிப் பனியில் அது மேலே எழும்பாமல் தாழவே நிற்கும். இரும்பு, பிளாஸ்டிக், பேப்பர் எல்லாம் காயலான் கடைக்கு, உடுத்தக்கூடிய துணி கேட்கிறவர்களுக்கு, கிழிந்த பருத்தி வேட்டி கைத்துணிக்கு. ஒரு பழைய முறமும் துடைப்பமும் சாஸ்திரத்துக்குக் கொளுத்தினால் போதும்.

குப்பைக்கு வீட்டுக்குள் இரண்டு கூடை கட்டாயம் வேண்டும், ஒன்று சமையல் கழிவுக்கு, இன்னொன்று காய்ந்த குப்பைக்கு. 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளிலேயே வீட்டில் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நாப்கின், குழந்தையின் டயப்பர் போன்றவற்றைக் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுங்கள், தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் அதைப் பிரிக்கிற நிலைமை நம் வீட்டுக் குப்பையால் வரக் கூடாது. உடைந்த கண்ணாடியும் அப்படித்தான்.

காகிதத்துக்கு ஒரு பை

இதை நான் விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி அப்பாவுக்கு வயிற்று வலி தாங்க முடியாமல் போய், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் முதலில் கேட்டது முந்தைய ஸ்கேன் ரிப்போர்ட்டை. எடுத்து ஆறு மாசம்கூட ஆகவில்லை, வீட்டில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். தம்பி வண்டியில் திரும்பி வந்து பீரோ, மேசை, மெத்தைக்கு அடியில் எல்லாம் கலைத்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். மறுபடி ஸ்கேன் எடுக்க மூணு மணி நேரம் காத்திருந்தோம். அவ்வளவு நேரமும் அப்பா சக்கர நாற்காலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பணம் இரண்டாம் தடவை கட்டியதைக்கூட மறந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து அந்த ரிப்போர்ட் என் கூறைப்புடவை வைத்திருந்த அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று நானேதான் அங்கே வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஆளுக்கு ஒரு பை. தடித்த பிளாஸ்டிக் ஜிப் ஃபைல், மேலே ஸ்கெட்ச் பேனாவால் பெயரும் ரத்த வகையும் எழுதியிருக்கும். புதிய சீட்டு எப்போதும் மேலே, பழசு கீழே. எக்ஸ்ரே ஃபிலிமை மடிக்கக் கூடாது, அதற்குப் பெரிய உறை. எல்லா ஃபைலும் ஒரே மஞ்சப்பையில், பீரோவின் இடது கதவுக்குள் தொங்குகிறது, வீட்டில் உள்ள எட்டு வயசுப் பெண்ணுக்குக்கூட அது எங்கே என்று தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் முதல் வேலை சீட்டை அந்தப் பையில் போடுவது, தண்ணீர் குடிப்பதுகூட அப்புறம்தான்.

வீட்டுக் காகிதங்களுக்கு இன்னொரு பை: ரேஷன் கார்டு, ஆதார் நகல்கள், வாடகை ஒப்பந்தம், கேஸ் புத்தகம், வண்டி ஆர்.சி., இன்ஷூரன்ஸ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். ஃபிரிட்ஜ், மிக்ஸிக்கு வாரண்டி பில் இருந்தால் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். மெஷினில் வருகிற அந்த வழுவழுப்பான தாளில் எழுத்து சூட்டில் வெளுத்துவிடும், நம் ஊர் வெயிலில் சீக்கிரமே வெள்ளைத் தாளாகிவிடும். இந்தப் பையைச் சுத்தம் செய்ய எனக்கு நாள் கரண்டு பில் கட்டுகிற நாள். இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கிறார்கள் இல்லையா, பணம் கட்டுகிற அன்றைக்கே பையைக் கொட்டி, வேண்டாததைக் கிழித்துப் போட்டுவிடுவேன்.

வெயில், தூசி, உப்புத் தண்ணீர்

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலைப் பக்கம் வீடு என்றால் காலையில் பெருக்கிய தரையில் மதியமே காலில் மண் படும். தினமும் எல்லாவற்றையும் துடைக்கப் போனால் மனசு விட்டுப்போகும். வாசலில் ஒரு கோணி, உள்ளே ஒரு கால்மிதி, இரண்டையும் தினமும் உதறினாலே பாதித் தூசி குறையும். திறந்த அலமாரியில் பொருள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, பொம்மையும் ஷீல்டும் கண்ணாடிக் கதவுக்குள் போகட்டும். சுத்தம் செய்யும்போது மேலிருந்து கீழே: முதலில் ஃபேன், அப்புறம் அலமாரி, கடைசியில் தரை. ஃபேன் இறக்கையைப் பழைய தலையணை உறைக்குள் நுழைத்து இழுங்கள், தூசி முழுக்க உறைக்குள்ளேயே விழும், கட்டிலில் கொட்டாது.

அக்னி நட்சத்திரத்தில் பரண் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர், கான்கிரீட் கூரைக்கு அடியில் பரணில் கை வைக்க முடியாது. அதே காரணத்தால் மருந்து, மெழுகுவத்தி, போட்டோ ஆல்பம் இவற்றைப் பரணில் வைக்க வேண்டாம். மாத்திரை அட்டையிலேயே எத்தனை டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள்.

போர் தண்ணீர் வருகிற வீடுகளில் குழாயிலும் டைல்ஸிலும் வெள்ளையாக உப்புப் படியும். அது சுண்ணாம்புச் சத்து, சோப்புக்குப் போகாது, புளிப்புக்குப் போகும். ரசம் வைத்த புளிச் சக்கையையோ பிழிந்த எலுமிச்சை மூடியையோ தேய்த்துக் கொஞ்ச நேரம் விட்டுக் கழுவினால் குழாய் பளிச்சென்று ஆகும். மார்பிள், மொசைக் தரையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், கல்லே அரித்துப் பாலிஷ் போய்விடும். இன்னொன்று, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும், கதவு மூடிய சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

தண்ணீர் பிடித்து வைக்கிற டிரம்மும் அண்டாவும் வாரம் ஒரு தடவை முழுக்கக் காலியாக வேண்டும். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். அதனால் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு வாரமும் தவற விடாதீர்கள்.

நாள் குறிப்பது

புதிதாக ஒரு அட்டவணை போடாமல், வீட்டில் ஏற்கெனவே இருக்கிற நாள்களைப் பயன்படுத்துங்கள். வெள்ளிக்கிழமைக்காக வியாழன் சாயங்காலம் விளக்கு தேய்க்கிற வீடு என்றால் அதே கையோடு பூஜை அலமாரியையும் துடையுங்கள். ரத்தினகிரி, வள்ளிமலை என்று முருகன் கோயில் நிறைந்த பக்கம் இது, கிருத்திகைக்கு விரதம் இருக்கிறவர்கள் நிறைய. அன்றைக்குக் கறி மீன் இருக்காது என்பதால் முதல் நாளே ஃபிரிட்ஜைக் காலி செய்து கழுவிவிடுகிறேன், மாசம் ஒரு தடவை தானாக நடந்துவிடுகிறது. என் பக்கத்து வீட்டு அக்கா ஜும்ஆ தொழுகைக்கு அவர் வீட்டில் எல்லாருக்கும் துணி அயர்ன் செய்கிற வியாழன் ராத்திரியிலேயே பீரோவையும் அடுக்கிவிடுவார். ரேஷன் வாங்கப் போகிற அன்று மளிகை அலமாரியைப் பாருங்கள், பழைய பருப்பு முன்னால், புதுசு பின்னால். சர்க்கரை டப்பாவில் எறும்பு வந்திருக்கிறதா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

வீட்டில் மற்றவர்கள்

தீர்மானம் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் அது அந்த வீட்டுப் பெண்ணின் தலையில் விழுந்த வேலையாகிவிடும். அதை நான் ஒத்துக்கொள்வதில்லை. சாப்பிட்ட தட்டை எடுத்துப் போய்க் கழுவும் இடத்தில் வைப்பது ஆண் பெண் குழந்தை எல்லாருக்கும் பொது என்று முதல் மாசத்திலேயே பழக்கிவிடுங்கள், பிறகு மாற்றுவது ரொம்பக் கஷ்டம். குழந்தைகளுக்கு அவர்கள் கை எட்டுகிற உயரத்தில் இடம் கொடுத்தால்தான் வைப்பார்கள். பெரியவர்கள் இருந்தால் அவர்கள் பொருளை அவர்களைக் கேட்காமல் தொடாதீர்கள். என் அத்தையின் வெற்றிலைப் பெட்டியும் பழைய தகர டிரங்கும் கூடத்தில்தான் இருக்கும். எனக்கு ஒழுங்காகத் தெரியாத அந்த மூலையில் அவருக்கு எல்லாமே கைக்கு எட்டுகிறது. "அத்தை, இந்த டிரங்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா?" என்று கேட்டால், "வைம்மா, சாவி மட்டும் எங்கிட்டயே இருக்கட்டும்" என்பார். கேட்டால் சரி என்கிறவர், கேட்காமல் தள்ளினால் இரண்டு நாள் பேச மாட்டார்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். உறவுக்காரர்கள் வந்து தங்குவார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், நாலு நாள் அடுப்பு மேடை துடைக்காமல் கிடக்கும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து 2009ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகிறது என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறுகிறது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய கெடுதல் எதுவும் செய்யவில்லை என்றும் அதில் தெரிந்தது. நாம் ஒரு மண்டலம், 48 நாள் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அதற்கு மேல் இன்னும் இரண்டரை வாரம் வைத்துக்கொள்ளுங்கள். போகியில் தொடங்கினால் பங்குனி முதல் வாரம் வரைக்கும் வரும்.

நாலு நாள் குவிந்ததை ஒரே நாளில் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அன்றைய ராத்திரிப் பாத்திரத்தைக் கழுவி, அன்றைய மேடையைத் துடையுங்கள், மீதி அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கட்டும். பங்குனியில் அலமாரிக் கதவைத் திறந்து தாளைப் பாருங்கள். மூன்றில் எது நினைக்காமலே நடக்கிறதோ அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் புதிதாக ஒன்று எழுதுங்கள். நடக்காததை அப்படியே விடாமல் நேரத்தையோ இடத்தையோ மாற்றி எழுதுங்கள். எனக்கு அந்தத் துணி மடிக்கிற தீர்மானம் இரண்டு வருஷம் நிற்கவே இல்லை, கொடியை மாடியிலிருந்து பின் வராந்தாவுக்கு மாற்றிக் கட்டி, பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்ட பிறகுதான் நின்றது.